கடைசிக் குழி

போர் எப்போது முடிகிறது? ஜயித்தவன் கொடி ஏற்றியதும் முடிந்துவிடுகிறது என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். கதை எழுதுகிறவர்களுக்கும் அது சௌகரியமான இடந்தான், 'முற்றும்' போட்டுவிடலாம். வியாசர் அப்படி விட்டுவிடவில்லை. பதினெட்டு நாள் யுத்தத்துக்குப் பிறகு, ஸ்திரீ பர்வம் என்று ஒரு பர்வமே வைத்து, காந்தாரியையும் மற்றப் பெண்களையும் குருக்ஷேத்திரத்துக்குக் கூட்டிப் போகிறார்.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாகாணத்தில், கெட்டிஸ்பர்க் என்று ஓர் ஊர். அந்த நாட்டு உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை 1863-ம் வருஷம் ஜூலை 1, 2, 3 தேதிகளில் அங்கே நடந்தது. தளபதிகளுக்கும் பட்டாளங்களுக்கும் நாட்டிய ஞாபகச் சின்னங்கள் அங்கே ஆயிரத்துக்கு மேல். ஊர் இடுகாடான எவர்கிரீனில் 2002-ல் வைத்த ஒரு வெண்கலச் சிலையின் படத்தைப் பார்த்தேன். வாள் இல்லை, குதிரை இல்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மண்வெட்டியோடு நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறாள்.

அந்த அம்மாளின் பெயர் எலிசபெத் தோர்ன். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவள். புருஷன் பீட்டர் இடுகாட்டுக் காவல்காரர். அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் வேலை இவள் தலையில் விழுந்தது. வாயில் கட்டடமே வீடு. வயதான தாய் தகப்பன், மூன்று சிறு பையன்கள், வயிற்றில் ஆறு மாதம். இடுகாட்டுக்குள் துப்பாக்கி சுடுகிறவர்கள் மேல் வழக்குத் தொடரப்படும் என்று அங்கே ஒரு பலகை இருந்ததாம்! அதைச் சுற்றித்தான் பீரங்கிகள் முழங்கின.

மாண்டவர், காயம்பட்டவர், சிறைப்பட்டவர், காணாமற்போனவர் என்று இரண்டு பக்கத்திலும் சேர்த்துச் சுமார் 51,000 பேர். ஊர் ஜனத்தொகையோ ஏறக்குறைய 2,400. படைகள் எழுந்து போய்விட்டன. ஊருக்கு மிஞ்சியவை பிணங்கள், காயம்பட்ட இருபதாயிரம் பேர், ஆயிரக்கணக்கில் செத்த குதிரைகள், ஜூலை மாதத்து வெயில். எலிசபெத் திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல்கள் உடைந்து கிடந்தன, படுக்கையெல்லாம் ரத்தம். அழுவதற்கு அவகாசம் ஏது? குழி தோண்டச் சொல்லிவிட்டார்கள். அவளும் தகப்பனாரும் தோண்டினார்கள். உதவிக்கு வந்த ஆட்கள் நாற்றம் தாங்காமல் போய்விட்டார்கள். சில வாரங்களில் சுமார் 100 பேரை அடக்கம் செய்தாள். மாதச் சம்பளம் 13 டாலருக்கு மேல் ஒரு காசு கிடைக்கவில்லை என்று பிற்காலத்தில் அவளே சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 19-ந் தேதி, பக்கத்திலேயே அமைத்த தேசிய இடுகாட்டில் லிங்கன் பேசினார். இரண்டே நிமிஷப் பேச்சு. உலகம் இன்னும் மறக்கவில்லை. அதற்குள் எலிசபெத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வடக்கத்திச் சிப்பாய்களின் உடல்களைக் களத்திலிருந்து தோண்டியெடுத்து அந்த இடுகாட்டுக்குக் கொண்டுவந்தவர்களோ, பேஸில் பிக்ஸ் என்ற கறுப்பினத்தவரும் அவருடைய ஆட்களும். அடிமைத்தனத்தை ஒட்டி எழுந்த போரில், செத்தவர்களைச் சுமக்கும் வேலை யாருக்கு வந்து சேர்ந்தது, பார்த்தீர்களா? தெற்கத்திச் சிப்பாய்களில் பெரும்பாலோர் வயல்களிலேயே கிடந்தார்கள். 1870-களில்தான் அவர்களுடைய எலும்புகள் ஊர் திரும்பின.

அந்த மண்வெட்டிக்குச் சிலை வைக்க 139 வருஷம் ஆயிற்று. போனால் போகட்டும், வைத்தார்களே! போர் முடிந்தது என்று சொல்லும் பாத்தியதை கொடி ஏற்றியவனுக்கு இல்லை. கடைசிக் குழியை மூடிவிட்டு நிமிர்ந்தவளுக்குத்தான் உண்டு.