ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச்

மைக், கிட்டார், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றில் உள்ள 6.35 மில்லிமீட்டர் ஜாக், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி இணைப்பகப் பலகைகளுக்காக உருவானது. அழைப்பு வந்ததைக் காட்டும் கருவி ஜாக்கின் வழியாகவே இணைந்திருக்கும். இணைப்பாளர் பிளக்கைச் செருகியதும் உள்ளிருக்கும் தகடு விலகும். காட்டி துண்டிக்கப்பட்டுப் பேச்சு வழி திறக்கும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் இயர்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் ஓய்வது இதே வேலைதான்.

பிளக்கின் நுனி டிப், அடித்தண்டு ஸ்லீவ், ஸ்டீரியோவானால் இடையில் ஒரு ரிங். இடது காது டிப்பிலும் வலது காது ரிங்கிலும் வரும், ஸ்லீவ் கிரவுண்ட். ஜாக்கில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் உண்டு. சுவிட்ச் உள்ள மோனோ ஜாக்கில் மூன்று கால்கள், ஸ்டீரியோவில் பெரும்பாலும் ஐந்து. கூடுதல் கால்கள்தான் சுவிட்ச்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஜாக்குகள் குவியலாகக் கிடைக்கும். கால்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால் தேர்ந்த மெக்கானிக் கண்ணை நம்புவதில்லை. மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, பிளக் இல்லாதபோது சத்தம் தரும் கால்களின் ஜோடியைத் தேடுகிறார். பிளக்கைச் செருகியதும் சத்தம் நின்றால், அந்த ஜோடியில் ஒன்று டிப் அல்லது ரிங், மற்றது அதன் சுவிட்ச். பிளக்கின் நுனியைத் தொட்டு எது எது என்று பிரித்துக்கொள்ளலாம். அரை நிமிட வேலைதான். இதைத் தவிர்த்தால் ஒரு செட்டையே மறுபடி பிரிக்க நேரிடும்.

ரேடியோவில் ஒயரிங் எளிது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு டிப் காலுக்குப் போகும். ஸ்பீக்கரின் ஒரு முனை சுவிட்ச் காலிலும் மறுமுனை கிரவுண்டிலும் சேரும். ஆனால் பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஐசிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளுமே வெளியீடுகள். எதுவும் கிரவுண்ட் அல்ல. அங்கே ஒரு முனையை ஸ்லீவில் பற்றவைத்தால் வெளியீடு ஷார்ட் ஆகி ஐசி கருகும். பழைய செட்டில் பழகிய கை புதிய போர்டில் தவறும் இடம் இது. தொழில் கற்பவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியதும் இதுவே.

பற்றவைப்பதில்தான் கைத்திறன் தெரியும். பிளக்கின் மூடியை முதலில் ஒயரில் கோத்துவிட வேண்டும். மறந்தால் பற்றவைத்ததை எல்லாம் கழற்றியாக வேண்டும். ஷீல்டு ஒயரின் பின்னலை முறுக்கி ஈயம் பூசி ஸ்லீவிலும், உள் இழையை டிப்பிலும் வைப்பார்கள். பின்னலின் ஒரு மயிரிழை டிப்பைத் தொட்டாலும் ஒலி அடங்கிவிடும். இயர்போன் ஒயரில் இழைகளுக்கு எனாமல் பூச்சு இருப்பதால், சூட்டுக்கோலில் அதை எரித்த பிறகே ஈயம் பிடிக்கும். 60/40 ஈயம் 190 டிகிரி செல்சியஸில் முழுதும் உருகும்; பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக்கில் சூடு நீடித்தால் கால் சரிந்து, உள்தகடு இடம் மாறிவிடும். அனுபவசாலிகள் ஒரு பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டே பற்றவைக்கிறார்கள். அது தகடுகளை நிலையில் நிறுத்தும், சூட்டின் ஒரு பகுதியையும் வாங்கிக்கொள்ளும். சின்ன உத்திதான், ஆனால் ஜாக்கின் ஆயுளை அதுவே தீர்மானிக்கிறது.

சுவிட்ச் கால் இல்லாமலும் ஜாக் சுவிட்சாக வேலை செய்யும். கிட்டார் பெடலின் உள்ளீட்டில் ஸ்டீரியோ ஜாக் வைத்து, பேட்டரியின் எதிர்முனையை ரிங்கில் இணைக்கிறார்கள். மோனோ பிளக்கின் நீண்ட தண்டு ரிங்கையும் ஸ்லீவையும் சேர்ப்பதால் மின்சுற்று நிறைவடையும். பிளக்கை உருவினால் பேட்டரி ஓய்வெடுக்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலோ டிப்பின் சுவிட்ச் காலைக் கிரவுண்டில் கட்டுவார்கள். காலியான உள்ளீடு தரையோடு சேர்ந்திருப்பதால் இரைச்சல் எழாது.

மைக்கோடு வரும் கைப்பேசி ஹெட்செட்டின் பிளக்கில் நான்கு பட்டைகள். இன்று பரவலான முறையில் மூன்றாவது கிரவுண்ட், நான்காவது மைக்; பழைய சில கைப்பேசிகளில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும். அதனால் ஒன்றுக்கு வாங்கிய ஹெட்செட் மற்றொன்றில் பாட்டை மெலிதாக, பாடகர் குரல் அமுங்கித் தரும். பிளக்கை மாற்றுபவர் முதலில் கேட்க வேண்டியது கைப்பேசி எது என்பதைத்தான்.

நாட்பட்ட ஜாக்கில் தகடு தளரும், களிம்பு பிடிக்கும். இயர்போனை உருவிய பிறகும் ஸ்பீக்கர் பேசாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சுவிட்ச்தான். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பிளக்கைச் சில முறை செருகி எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். தகடு வளைந்து போயிருந்தால் ஜாக்கை மாற்றுவதே நல்லது. மாற்றியபின் பாட்டை ஓடவிட்டு, பிளக்கை நாலாபக்கமும் மெல்ல அசைத்துக் கரகரப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே செட்டை மூடுகிறார்கள்.