நிமிஷத்துக்கு நூறு கெஜம்

எங்கள் வீட்டில் தூரத்தை யாரும் மைலிலோ கிலோமீட்டரிலோ சொன்னதில்லை. பஸ் ஸ்டாப் ஒன்பது நிமிஷம், ரேஷன் கடை நாலு நிமிஷம், ஏரிக்கரைப் பிள்ளையார் பதினாலு நிமிஷம். மற்ற வீடுகளிலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அங்கே நிமிஷம் ஆளுக்கு ஆள் நீளும், சுருங்கும். எங்கள் வீட்டில் ஓடியது தாத்தாவின் நிமிஷம். அதில் 120 தப்படி, தப்படிக்கு 30 அங்குலம். பெருக்கினால் 3600 அங்குலம், அதாவது 300 அடி, அதாவது சுத்தமாக 100 கெஜம்.

"நிமிசத்துக்கு நூறு கெஜம்டா. பஸ்சு டைம் தெரிஞ்சா போதும், எப்ப கெளம்பணும்னு கடியாரமே சொல்லிடும்" என்பார். பஸ் நேரத்துக்கு வராது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீடாவது மிலிட்டரி வீடு. தாத்தா ராணுவத்தில் டிரில் உஸ்தாதாக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். 'பேஸ்' என்கிற இங்கிலீஷ் வார்த்தையை முதலில் கேட்டது அவர் வாயில்தான், அதுவும் ஒரு கழியின் பெயராக. பேஸ் ஸ்டிக். பரேடில் உஸ்தாத் கையில் இருக்கும் கழி அது. சிப்பாயின் தப்படி அளவாக விழுகிறதா என்று பார்ப்பதற்கானது. நிஜக் கழி சர்க்கார் சொத்து, கொண்டுவர முடியாது. அதனால் ஊர் ஆசாரியைத் திண்ணையில் உட்காரவைத்து, அளவு சொல்லிச் சொல்லித் தேக்கில் ஒன்று செய்துகொண்டார்.

மூடியிருந்தால் சாதாரணக் கைத்தடி. விரித்தால் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தை ஒரு ராட்சசன் எடுத்து வைத்திருப்பது போல இருக்கும். உச்சியில் பித்தளைக் கீல், இரண்டு காலுக்கும் பித்தளைப் பூண், நடுவே குறுக்காக ஒரு பித்தளைப் பட்டை. பட்டையில் வெட்டுகள். எந்த வெட்டில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்குக் கால் விரிந்து நிற்கும். பக்கவாட்டில் நகர 12 அங்குலம், குறுக்கி வைக்க 21, வழக்கமான நடைக்கு 30, எட்டி வைக்க 33, ஓட்டமாகப் போக 40. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, 30-ல் மாட்டி, விரல்களுக்கிடையே அதைச் சுழற்றியபடி வாசலில் நடப்பார். கழியின் கால் ஒன்று மாற்றி ஒன்று தரையைத் தொடும், அவர் கால் பக்கத்திலேயே விழும். டொக், டொக், டொக். இடையில் ஒரு கோழி புகுந்தாலும் தாளம் தப்பாது.

பள்ளிக்கூடம் போகும் வழியில் பழைய பர்லாங் கற்கள் மிச்சமிருந்தன. பர்லாங்குக்கு 220 கெஜம், ஆக 2 நிமிஷம் 12 செகண்ட். கல்லைத் தாண்டும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் பக்கத்தில் குதித்துக் குதித்து வருவேன்.

"இன்னாடா, குட்டி குட்டியா வச்சி எண்ணிக்கைய ஏத்திக்கினே வர்ற? எட்டி வைடா. எண்ணிக்க ஒண்ணு, நீளம் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் நடை."

"என் கால் சின்னது தாத்தா."

"வளரும். அதுவரைக்கும் தேஜ் சல்!"

ஆயா இந்தக் கணக்கில் சேராதவள். சந்தைக்குக் கிளம்பினால் ஆறு வீட்டு வாசலில் நின்று, பேசி, ஒரு வீட்டில் மோர் குடித்து, இன்னொரு வீட்டில் கருவேப்பிலை ஒடித்துக்கொண்டு வருவாள். தாத்தாவால் மெதுவாக நடக்க முடியாது, அவளை விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது. அதனால் முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடி முன்னால் போவார். சந்தை போய்ச் சேர்வதற்குள் ஆயா ஒரு தரம் நடந்த வழியை அவர் மூன்று தரம் நடந்திருப்பார். சில நாள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிப் போடுவார். பரேடில் அதற்குக் 'கதம் தால்' என்று பெயர். தெருவில் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள்.

"நீ போய்க்கினே இரு, நான் வந்துக்கினே இருக்கேன்" என்பாள் ஆயா. நாற்பது வருஷமாக இதே பதில்.

1983-ல் உலகக் கோப்பை வந்தது. அந்தப் போட்டியில் ரோஜர் பின்னி 18 விக்கெட் எடுத்தார். எங்கள் ஏரி உள்வாயில் எல்லாப் பையன்களும் ஒரே ராத்திரியில் பேஸ் பவுலர் ஆனார்கள். கபில்தேவைப் பார்த்து, ஓடிவரும் தூரத்தைக் காலால் அளந்து செருப்பை அடையாளம் வைப்பார்கள். அதில் கெட்டி, ரைஸ் மில் வீட்டுப் பையன். அவன் பந்து வந்தால் மட்டையைத் தூக்குவதற்குள் பின்னாலிருக்கும் சவுக்குக் குச்சி பறந்துவிடும். அவன் வேகத்துக்குக் காரணம் வேறு: 22 கெஜத்துக்கு 22 தப்படி என்று பிட்ச் அளந்தவன் அவன் தம்பி, எங்களில் ஆகக் குள்ளம். சண்டை முற்றி, பஞ்சாயத்துக்குத் தாத்தாவைக் கூட்டிவந்தோம்.

தாத்தா கழியோடு வந்தார். ஸ்டம்பிலிருந்து 26 தப்படி எண்ணினார். நின்றார். கழியைக் கழற்றி 12 அங்குல வெட்டில் மாட்டி, கடைசியாக ஒன்று வைத்தார். 66 அடி, ஒரு விரற்கடை கூடவில்லை. "கெஜம்னா மூணு அடிடா. இந்தப் பொடியன் கால் மூணு அடியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ரைஸ் மில் வீட்டுப் பையனின் பந்து இரண்டு தரம் குத்தி, கடைசியில் உருண்டு வந்தது. அடுத்த கோடை விடுமுறைக்குள் அவன் ஸ்பின்னுக்கு மாறிவிட்டான்.

ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் வாத்தியார் 'பேஸ்' என்று போர்டில் எழுதி அர்த்தம் கேட்டபோது, "30 இன்ச் சார்" என்றேன். கிளாஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தப்படி என்கிற அர்த்தம்தான் மூத்தது, வேகமெல்லாம் அப்புறம் வந்தது என்றார். ரோமானியச் சிப்பாய்கள் ஆயிரம் தப்படி நடந்தால் ஒரு மைல், லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'மைல்' வந்தது என்றார். பரீட்சை ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகத் தான் நடப்பதும் பேஸ்தான் என்று நடந்தே காட்டினார்.

வீட்டில் சொன்னேன். தாத்தாவுக்கு ஆயிரம் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் நடைக்கு மைலுக்கு 2112 தப்படி ஆகும். ரோமானியர்களின் மைல் சற்றுக் குட்டை, அவர்கள் இரண்டு கால் வைத்தால்தான் ஒன்று என்று எண்ணினார்கள் என்றதும் சமாதானமானார். "அப்ப எடது கால மட்டும் எண்ணியிருக்கான். புத்திசாலி, பாதி எண்ணிக்கை மிச்சம்."

நைன் சிங் ராவத்தைப் பற்றி நான் படித்தது வெகுநாள் கழித்து. சர்வே இலாகா அவரை யாத்திரிகர் வேஷத்தில் திபெத்துக்கு அனுப்பியது. 1865-66-ல் லாசா வரை கால்நடையாகப் போனார். மைலுக்குச் சரியாக 2000 தப்படி விழும்படி காலைப் பழக்கியிருந்தார்கள். நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ள, 108-க்குப் பதில் 100 மணி கோத்த ஜபமாலை. மேடு, பள்ளம், பனி எல்லாவற்றிலும் அதே தப்படி. ஏரிக்கரையில் கழி சுழற்றிய ஒருவரைப் பார்த்து வளர்ந்ததால், எனக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றவில்லை.

எழுபது தாண்டியதும் தாத்தாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகக் குறைந்தது. சந்தையில் ஒருநாள் மயங்கி விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பேரைக் கேட்டதுமே அவருக்குப் பிடித்துப்போனது. எத்தனைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டார்.

"நிமிஷத்துக்கு அறுபது, ஐயா."

"அறுபதா? தீரே சல்லே எழுபது சார்! இது அதுக்கும் கம்மியா இருக்குதே."

அறுபதுக்குக் கீழே போனால்தான் மிஷின் தட்டிவிடும், அதற்கு மேல் இதயம் தன் இஷ்டத்துக்குப் போகலாம், நடக்கத் தடையில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆயாவின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப இவர மெதுவா நடக்கவைக்காதா அது? இதுக்கா இவ்ளோ துட்டு?"