உடுப்பியில் பிறந்து உடுப்பிக்கே திரும்பிய கேள்வி

2022இன் தொடக்கத்தில் உடுப்பி அரசு பியூ கல்லூரி மாணவிகள் சிலர் ஹிஜாப் அணிந்து வகுப்பில் அமரும் உரிமை கோரி நீதிமன்றம் சென்றனர். அங்கே எழுந்த முதன்மையான வினா அவர்களைப் பற்றியதாகவே இல்லை. ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத நடைமுறையா என்பதே அது.

இந்த அளவுகோலின் பிறப்பும் உடுப்பியோடு தொடர்புடையதுதான். அவ்வூரின் அஷ்ட மடங்களுள் ஒன்றான சிரூர் மடத்தின் தலைவர், சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம் அதனை வகுத்தது. ஒரு சமயத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது தீர்ப்பு. அரசின் தலையீட்டுக்கு எல்லை கட்ட எழுந்த கோட்பாடு, பிற்காலத்தில் நீதிபதிகளே மறைநூல்களுக்குப் பொருள் சொல்லும் வழியாயிற்று.

2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இன்றியமையாததன்று எனக் கூறி மனுக்களைத் தள்ளுபடி செய்தது. இந்த அளவுகோலின்முன் வெல்ல வேண்டுமாயின், தன் சமயம் தன்னைக் கட்டாயப்படுத்துகிறது என்று ஒரு பெண் மெய்ப்பிக்க வேண்டும். ‘நானே விரும்பி அணிகிறேன்’ என்பாளாயின் அவள் வழக்கு வலுவிழக்கும். முஸ்லிம் பெண்ணின் விருப்பத்தைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்க, சட்டமோ விருப்பத்துக்கு இடமின்மைக்கே சான்று கேட்டது. அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு சமயத்துக்கு முன்பாக மனசாட்சியைத்தான் குறிப்பிடுகிறது. அந்த வாதத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்று உயர் நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது.

அது விருப்பமா, வீட்டின் நெருக்கடியா என்ற ஐயம் புறந்தள்ளத்தக்கதன்று. பதினாறு வயதில் விருப்பம் எங்கே தொடங்குகிறது என்று யாரால் வரையறுக்க முடியும்? ஆனால் நெருக்கடிக்கு உட்பட்டவளாகவே அவளைக் கொண்டாலும், கல்லூரி வாயிலை அடைத்தால் அவள் திரும்பிச் செல்வது அதே வீட்டுக்குத்தானே! ஈரானில் பெண்கள் அதைக் களையும் உரிமைக்காகத் தெருவில் நின்ற நாட்கள் அவை. அதனை இம்மாணவிகளுக்கு எதிரான சான்றாகக் காட்டியோர், இரு இடங்களிலும் ஆணையிட்டது அரசு என்பதைக் கவனியாமல் விட்டனர்.

2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியாவோ, இன்றியமையாமை என்ற வழியே இங்குத் தேவையற்றது, இது தன்விருப்பம் பற்றியது என்றார். நாட்டுப்பண் பாட மறுத்த கேரள மாணவர்களைப் பள்ளியினின்று நீக்கியது தவறென்ற 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவர் துணைகொண்டார். அவ்வழக்கில் பார்க்கப்பட்டது நம்பிக்கையின் நேர்மை மட்டுமே. இருவரும் முரண்பட்டதால் வழக்கு, உரிய அமர்வை அமைப்பதற்கெனத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது.