ஒரே தேதியில் இத்தனை விசேஷங்கள்

ஆண்டில் சில தேதிகள் யாதொரு விசேஷமும் இன்றிக் கழிந்துவிடுகின்றன. சில தேதிகளுக்கோ தாங்க மாட்டாத பாரம். ஏப்ரல் 14 அத்தகைய தேதி. மும்பையில் நான் வசிக்கும் ரயில்வே குடியிருப்பில் அன்று பொழுது புலருமுன்பே ஆரவாரம் தொடங்கிவிடும்.

எதிர்வீட்டுப் பாலக்காட்டு அம்மையார், விஷுவும் அன்றே அமையும் ஆண்டுகளில், கொன்றைப்பூவும் வெள்ளரியும் கண்ணாடியும் பரப்பி வைத்து, தம் குழந்தைகளைக் கண்மூடி அழைத்து வந்து கணி காட்டுவார். என் மகளுக்கும் ஒரு நாணயம் கைநீட்டமாகக் கிடைக்கும். மேல்மாடிப் பஞ்சாபி கார்டு வீட்டிலிருந்து வைசாகிக்காக நெய் சொட்டும் அல்வா வரும். கீழ்த்தளத்து மராட்டிய நண்பர் வெள்ளுடை தரித்து, மனைவி மக்களுடன் அம்பேத்கர் ஜயந்தி ஊர்வலத்துக்குப் புறப்படுவார். டாக்டர் அம்பேத்கர் 1891 ஆம் ஆண்டு மஹூவில் அவதரித்த தினம் அதுவே. நம்மவர் இல்லங்களிலோ சித்திரைப் பிறப்பு: வேப்பம்பூவும் வெல்லமும் சேர்த்த மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம்.

இவ்வளவு குதூகலத்துக்கும் இடையே, எங்கள் வீட்டில் சமைத்த பண்டங்கள் மாலை நான்கு மணி வரையில் மூடியே இருக்கும். அது என் பாட்டனார் வகுத்த நியமம்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘போர்ட் ஸ்டிக்கைன்’ என்னும் கப்பல் தீப்பற்றிற்று. அதில் சுமார் 1,400 டன் வெடிமருந்தும், அதனுடனேயே பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. மாலை நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் மறுபடியும் வெடித்தது. 800க்கு மேற்பட்டோர் மாண்டனர். நெருப்பை அணைக்கப் போராடிய தீயணைப்பு வீரர்களில் 66 பேர் உயிர் துறந்தனர். கப்பலில் இருந்த தங்கக் கட்டிகளுள் ஒன்று பறந்து சென்று ஒரு பார்ஸி கனவானின் வீட்டில் விழுந்தது என்பதும், அவர் அதை நாணயமாக ஒப்படைத்துவிட்டார் என்பதும் பாட்டனார் அடிக்கடி சொல்லும் செய்தி. அதே டாக்கில் பொதி சுமந்த அவருடைய தகப்பனார் மட்டும் வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்போது பாட்டனாருக்குப் பத்து வயது. திதி பார்த்துச் சொல்ல எவரும் இல்லாததால் ஆங்கிலத் தேதியே நினைவு நாளாக நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டில் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 13 ஆம் தேதி. முதல் நாள் தகப்பனார் கையால் பாயசம் உண்டவர், மறுநாள் அவரை இழந்தார். சூரியன் மேஷத்தில் புகும் வேளை ஆங்கிலத் தேதிக் கணக்கில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்னால் தள்ளிப்போகிறது. முன்பு பெரும்பாலும் அடுத்தடுத்த நாட்களில் நின்ற பண்டிகையும் துக்கமும் இக்காலத்தில் ஆண்டுதோறும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

பாட்டனார் 2023 இல் காலமானார். பச்சைக் குழந்தையைப் பண்டிகை நாளில் பட்டினி போடுவது தகுமா என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. இவ்வாண்டுடன் நியமத்தைக் கைவிட்டுவிடலாம் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

ரயிலுக்கு விடுமுறை இல்லை. ஆகவே அன்று காலையும் புக்கிங் ஆபீஸில் அமர்ந்திருந்தேன். அந்த விபத்தின் நினைவாகவே ஏப்ரல் 14 தேசிய தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது. சீருடை அணிந்த தீயணைப்பு வீரர் ஒருவர் வந்து, என் சட்டையில் சிறு காகிதக் கொடியைக் குத்திச் சென்றார். இரண்டரை மணிக்கு வீடு சேர்ந்ததும் மகள் அதைத் தொட்டுப் பார்த்து, “இது யாருக்காக அப்பா?” என்றாள். விவரம் சொன்னேன்.

“தாத்தாவோட அப்பாவுக்கும் சேர்த்துத்தானே?” என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீரர்களுக்குக் கொடி உண்டு. அது அவர்களுக்கு உரியதே. மூட்டை சுமந்தவரின் பெயரை எந்தக் கல்லிலும் நாங்கள் கண்டதில்லை. எங்கள் வீட்டில் நான்கு மணி வரையில் மூடியிருந்த அந்தப் பாத்திரங்களைத் தவிர அவருக்கு வேறு நினைவுச் சின்னம் ஏது?

“ஆமாம், அவருக்கும் சேர்த்துத்தான்” என்றேன்.

அவருக்குப் படம் கிடையாது. ஆதலால் பாட்டனார் படத்தின் சட்டத்தில் மகள் கொடியைச் செருகினாள். அவளை உண்ண வைத்துவிட்டு, நானும் என் தாயாரும் காத்திருந்தோம். என் மனைவியும், நாங்கள் கேளாமலே, இலை போடாமல் எங்களுடன் அமர்ந்தாள். மணி நான்கு அடித்துச் சிறிது பொறுத்துப் பாயசப் பாத்திரத்தைத் திறந்தோம்.

இனி எங்கள் இல்லத்தில் இதுவே வழக்கம்: சிறுவர்கள் வேளைக்கு உண்பார்கள், பெரியவர்கள் காத்திருப்பார்கள். நம் சங்கக் குடும்பங்களில் அந்நாளில் டாக்கில் பாடுபட்ட முன்னோர் எவரேனும் இருந்திருப்பின், அன்பர்கள் அவர்தம் பெயரை இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்புவார்களாக. எங்கள் முன்னோரின் பெயர் சுடலைமுத்து.