அப்பாவுக்குச் சவரம், ஒரு பிரஷ்ஷோட நாத்தம்

மக்காச்சோளத்துப் படைப்புழு பத்தி மீதியை எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்தப் பத்து நாளா வீட்டுல வேற பாடு. சவரம் பண்ற பிரஷ் நாத்தம் அடிக்குது. சிரிக்காதீங்க.

அப்பாவுக்கு வயசு 82. ரெண்டு வருஷம் முன்னால வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு பாதிதான் வரும். ஞாயிறும் புதனும் நான்தான் சவரம் பண்ணி விடுறேன். செவ்வாய், வெள்ளி கத்தி படக்கூடாது, அது அவர் போட்ட சட்டம். ஒரு காலத்துல விடியறதுக்குள்ள திண்ணைத் தூண்ல கண்ணாடியை மாட்டி, தானே மழிச்சுக்கிட்டு, சின்னசேலம் ஸ்டேஷனுக்கு நடந்து போய் சேலம் ரயிலைப் பிடிக்கிற மனுஷன். இப்பவும் முகத்துல நாலு நாள் முடி இருந்தா, வந்தவங்களைப் பார்க்க மாட்டார். சுவத்துப் பக்கம் திரும்பிக்குவார்.

அவர்கிட்ட மரக்கைப்பிடி போட்ட பழைய பிரஷ் ஒண்ணு இருந்துச்சு. ஈரத்தோட எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி வச்சது என் தப்பு. பூஞ்சை வாடை ஏறிடுச்சு. பால் பாத்திரத்துக்குப் பண்ற மாதிரி கொதிக்கிற தண்ணியை ஊத்தினேன். முடிக் கத்தையை அடியில பசை வச்சுத்தான் ஒட்டியிருப்பாங்களாம், அது எனக்கு எங்க தெரியும்? சூட்டுல பசை விட்டு, கத்தை அப்படியே கையோட வந்துடுச்சு. அப்பா பார்த்துக்கிட்டே இருந்தார். ஒண்ணும் சொல்லல.

டப்பாவுல வர்ற நுரையை வாங்கிப் பார்த்தேன், வேண்டாம்னு தலையாட்டினார். நைலான் பிரஷ் குத்துதுன்னார். சென்னையில இருக்கிற பையன்தான் புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பினான். அட்டைப் பெட்டியில 'போர் பிரிஸ்டில்'னு போட்டிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச போர் கிணத்து போர்தான். போன் போட்டா, "பன்னி முடிப்பா, நல்ல பிரஷ்"ங்கறான்.

காய்ஞ்சப்ப மோந்தா ஒரு வாடையும் இல்ல. வெந்நீர்ல நனைச்சேன் பாருங்க, கிடா மழையில நனைஞ்சு திண்ணையில ஏறி நின்ன மாதிரி கெளம்புச்சு. கன்னத்துக்குப் பக்கத்துல கொண்டு போனதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டார். "பன்னி"ன்னு ஒத்தச் சொல்லு, அன்னிக்குத் தெளிவா வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை சவரம் இல்ல.

வீட்டுக்காரம்மா சாம்பிராணி காட்டினாங்க. சாம்பிராணி போட்ட கிடா ஆச்சு. சீயக்காய்த் தண்ணியில முக்கினதுல தூள் முடிக்குள்ள மாட்டிக்கிட்டு எடுக்கவே அரை மணி நேரம். அப்புறம் அவங்களுக்கு ஒரு பயம், "ஏங்க, இந்த முடியில சீக்கு கீக்கு இருக்குமா?"

கேட்டதுல தப்பில்ல. ஆடு மாடு வச்சிருக்கிறவங்களுக்கு அடைப்பான் நோய்னா என்னன்னு தெரியும். அதோட வித்து மண்ணுல பல வருஷம் சாகாமக் கிடக்கும், முடியிலயும் ஒட்டிக்கிட்டு வரும். முதல் உலகப்போர் சமயத்துல சரியா சுத்தம் பண்ணாத குதிரை முடியில செஞ்ச சவர பிரஷ்ஷால இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் சிப்பாய்ங்களுக்கே அடைப்பான் வந்து, சில பேர் செத்தும் போயிருக்காங்க. 1920ல ஜப்பான் பிரஷ் உள்ள வரக்கூடாதுன்னு இங்கிலாந்து தடையே போட்டுச்சு. இப்ப முடியைக் கழுவி, வேகவச்சுத்தான் பிரஷ் கட்டுறாங்க. அடைப்பானுக்கு வாடை கிடையாது, இந்த வாடை வெறும் மிருகத்து வாடைன்னு அம்மாவுக்குச் சொன்னேன். பாதிதான் நம்பினாங்க.

முடிவெட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார், முப்பது வருஷத்துக்கு மேல தொழில். அவர்கிட்ட கொண்டு போனேன். மோந்துட்டுச் சிரிச்சார். "இதுக்கு ஏன் மருந்து தேடுறீங்க? சோப்பை நல்லா தின்ன விடுங்க, காத்துல காய விடுங்க. அவ்வளவுதான்."

முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில அரை பாக்கெட் ஷாம்பூ போட்டு அலசினேன். (பாக்கெட் ஷாம்பூவைப் பரப்பினதுல கடலூர் சின்னிகிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. நாங்களும் அப்ப தென்னார்க்காடுதான், ஏதோ சொந்தக்காரர் மாதிரி ஒரு பெருமை.) அப்புறம் ராத்திரி சவர சோப்பை பிரஷ்ல நல்லா ஏத்தி, கொட்டாங்குச்சியில கெட்டி நுரை ஆகுற வரைக்கும் சுத்தி, நுரையோடயே விட்டுட்டுப் படுத்துடுவேன். காலையில அலசுறது. அலசின தண்ணியில வாடை இறங்கி வரும்.

மூணு நாள் ஆகியும் பெருசா குறையல. அப்பத்தான் தண்ணி மேல சந்தேகம் வந்துச்சு. எங்க போர் தண்ணியில பருப்பே வேகாது. அதுல இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்தா, நுரைக்கு பதிலா திரிஞ்ச பால் மாதிரி வெள்ளைப் பொருக்கு ஆகி முடியோட அடியில உக்காந்துக்கும். உள்ள ஈரமும் போகாது, வாடையும் போகாது. பழைய பிரஷ் கெட்டதுக்கும் பாதிக் காரணம் அதுவாத்தான் இருக்கணும். ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுக் கொஞ்ச நேரம் ஊற வச்சேன், பொருக்கு கரைஞ்சு வந்துச்சு. நல்ல நேரம், அன்னிக்குச் சாயங்காலம் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வந்து நல்ல மழை. மாடியிலருந்து விழுந்த தண்ணியை அண்டாவுல பிடிச்சு வச்சேன். மழைத்தண்ணியில அந்த சோப்பு நுரைச்ச நுரை இருக்கே, கொட்டாங்குச்சி கொள்ளல!

இன்னும் நாலு ராத்திரி அப்படியே. அலசி, உதறி, முடி கீழ் பார்க்கத் தொங்கற மாதிரி கயித்துல கட்டி, நிழல்ல காத்தாட விட்டேன். டப்பாவுக்குள்ள வைக்கவே இல்ல. போகப் போக முடியும் கொஞ்சம் மெதுவாச்சு. பன்னி முடி நுனி பிளந்து பிளந்துதான் இளகுமாம், அதுக்கு இன்னும் மாசக்கணக்கு ஆகும்.

புதன்கிழமை காலையில நனைச்சு, நானே ரெண்டு தடவை மோந்தேன். சோப்பு வாசனை. அடியில எங்கயோ லேசா கிடா இருக்கு, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அப்பா மூக்குகிட்ட நீட்டினேன். மோந்தார். திரும்பிக்கல. இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சு, பிரஷ்ஷைத் தாடையில தானே வச்சு அழுத்தினார். ரொம்ப நேரம் சுத்திச் சுத்தித் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். நுரை கழுத்து வரைக்கும் வழியுது, கையை விடல. நானும் பிளேடை எடுக்கல.

அண்டாவுல மழைத்தண்ணி இன்னும் ரெண்டு குடம் தேறும்.