மாற்றல் பேச்சும் மறவாத ஆட்டக்காரர்களும்

மலைநாட்டுப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு 'மாற்றல்' என்னும் சொல் நன்கு பழகிய ஒன்று. யாருக்கு எந்தப் பள்ளி, யார் சமவெளிக்கு இறங்குகிறார், யார் மலைக்கு ஏறி வருகிறார் என்னும் பேச்சு ஆசிரியர் அறையில் ஆண்டுதோறும் எழும். கடிதம் கைக்கு வரும் நாளில் அப்பேச்சில் பாதி பொய்த்துவிடும். லெம்பா பெர்த்தாமுக்கு வந்த பிறகு, இதே சொல்லை இன்னும் சூடாகப் பேசும் வேறோர் இடத்தையும் கண்டேன். அது ஒட்டுக்கடை. அங்கே மாற்றலாகிறவர்கள் காற்பந்து ஆட்டக்காரர்கள்!

ரிங்லெட்டுக்குக் கீழே காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் நெருங்கிக் கிடக்கும் ஊர் இது. சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்களும், காய்கறி லாரி ஓட்டும் இளைஞர்களும் மாலையில் அந்தக் கடையில் கூடுவார்கள். பேச்சு இரண்டு தலைமுறையாகப் பிரியும். இளையோர் வரப்போகும் ஆட்டக்காரரைப் பேசுவர். முதியோர் வந்து போனவரைப் பேசுவர்.

முதியோரின் பேச்சில் 1992ஆம் ஆண்டு அடிக்கடி தலைகாட்டும். அவ்வாண்டு பகாங் அணி லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. டோலா சாலே, ஜைனால் அபிடின் ஹசான் ஆகியோருடன் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமதும் ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிட்சனும் அதே சட்டையில் ஆடினார்கள். ஃபாண்டி 1983இல் ஹாலந்தின் குரோனிங்கன் குழுவுக்குச் சென்று, இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். பின்னர்க் கோலாலம்பூர் அணியில் ஆடி, அதன்பின் பகாங்குக்கு வந்தார். "அந்த ஆளு பகாங்குக்கு வர்றார்னு சொன்னப்ப யாரும் நம்பல சார். பேப்பர்ல படம் பார்த்த பிறகுதான் நம்பினோம்" என்றார் ஒரு பெரியவர். அக்காலத்தில் வதந்திக்கும் செய்திக்கும் நடுவே ஒரு நாளிதழ் நின்றது என்பதை அவர் சொல்லாமல் சொன்னார்.

நம்மவர் பெயர்கள் வரும்போது அவர்களின் குரலே மாறிவிடும். 1990இல் கெடா அணி மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் ஆடிய சிங்கப்பூர்த் தமிழர் வி. சுந்தரமூர்த்தி, 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், எல்லாருக்கும் மேலாக, 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் கோல் கம்பத்தைக் காத்தவர் அவர். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றும் போக முடியாத அணி அது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார்.

என் வகுப்பில் ஒரு நாள் ஆறுமுகம் யார் என்று கேட்டேன். ஒருவன் மட்டும் கை தூக்கினான். 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் வரும் முத்து என்னும் கோல் காவலரைத் தன் தாத்தாவுடன் தொலைக்காட்சியில் பார்த்தானாம். "அது அவரோட கதைதான்னு தாத்தா சொன்னாரு" என்றான். ஆனால் கிலியன் எம்பாப்பே ரியல் மட்ரிட்டுக்கு எப்போது சென்றார் என்று கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் "2024!" என்றது. பல ஆண்டுகள் வதந்தியாகவே உலவிய மாற்றல் அது. உலகத்தை அறிவது நல்லதே. தம் தாத்தா கைதட்டிய ஆட்டக்காரரையும் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பெரியவர்கள் மறவாத இன்னொரு காலமும் உண்டு. 2013 அக்டோபர் 23ஆம் நாள் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் இந்த ஊரை மூழ்கடித்தது. உயிர்களும் வீடுகளும் போயின. அதற்குப் பதினொரு நாள் கழித்து, நவம்பர் 3ஆம் நாள், ஷா ஆலாம் அரங்கில் பகாங் கிளந்தானை 1-0 என வென்று, 21 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கோல் அடித்தவர் அர்ஜென்டினாவின் மத்தியாஸ் கொந்தி. "வீட்ல சேறு கழுவிக்கிட்டே வானொலி கேட்டோம்" என்று ஒருவர் சொன்னபோது கடையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கோல் எந்த வீட்டையும் திருப்பிக் கட்டித் தரவில்லை. ஆயினும் அதை அவர்கள் தங்கள் சொத்துபோல் வைத்திருக்கிறார்கள்.

இப்போது 2025க்கு வருவோம். ஏப்ரல் 26ஆம் நாள் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்ரீ பகாங் அணி ஜொகூர் டாருல் தாக்சிம் அணியிடம் 1-2 எனத் தோற்றது. அதன் பிறகு கடையில் ஒரே பேச்சு: அடுத்த பருவத்துக்கு யார் வருகிறார், யார் போகிறார்? ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கைத்தொலைபேசியில் வந்த படங்களைக் காட்டிச் சத்தியமே செய்தார்கள். சில வாரங்களில் வந்த செய்தியோ வேறு. ஸ்ரீ பகாங் அணி அடுத்த பருவத்தின் லீக் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது! அத்தனை வதந்திகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. ஆட்டக்காரர் மாறுவார் என்று காத்திருந்தவர்களுக்கு அணியே இல்லாமல் போயிற்று.

இதை நான் ஏன் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்? அதே ஒட்டுக்கடைப் பேச்சு ஒரு நாள் என் வகுப்பு மாணவன் ஒருவனைத் தொட்டது.

ஆறாம் ஆண்டில் படித்த அவன் நன்றாகப் பந்து உதைப்பவன். மாவட்டப் போட்டியில் அவன் ஆடியதை யாரோ வந்து பார்த்தார்களாம், பெயர் எழுதிக்கொண்டார்களாம், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி காற்பந்து அகாடமிக்கு அவனை எடுத்துவிட்டார்களாம். இந்த மூன்று 'களாம்'களும் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவின. பையன் வீட்டுப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டான். லாரி ஓட்டும் அவன் தந்தை என்னிடம் வந்து, "சார், அங்க தங்கிப் படிக்கணுமாமே, பெட்டி படுக்கை என்னென்ன வாங்கணும்?" என்று கேட்டார். கடிதம் வந்ததா என்றேன். இல்லை. யாராவது தொலைபேசியில் அழைத்தார்களா என்றேன். அதுவும் இல்லை. அவர் முகம் வாடியதைக் காண எனக்குத் துன்பமாக இருந்தது. ஆயினும் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுவது அதைவிடப் பெரிய துன்பத்தில் முடிந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் வெண்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 'கேட்டது', மறுபக்கம் 'உறுதியானது'. பகாங் அணியைப் பற்றி மாணவர்கள் கேள்விப்பட்டவற்றை எல்லாம் எழுதச் சொன்னேன். முதல் பக்கம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்று வரிகளே நின்றன. யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், எழுத்தில் உள்ளதா என்னும் மூன்று கேள்விகளை அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த மாணவன் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து எழுதினான். அவன் பெயரை நான் எடுக்கவில்லை.

பிறகு ஒரு கட்டுரைப் பயிற்சி தந்தேன். வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பெரியவரிடம் அவர் நேரில் பார்த்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றிக் கேட்டு எழுதி வரவேண்டும். வந்த கட்டுரைகளில் கிண்ணங்களைவிட உழைப்பே மிகுதியாக இருந்தது. காலையில் கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஆடியவர்கள், லாரியில் நின்றபடியே பக்கத்துத் தோட்டத்துக்குப் போட்டிக்குச் சென்றவர்கள் என்று ஏடுகளில் பலர் உயிர்பெற்றார்கள். நாட்டின் லீக் 1989இல்தான் பகுதித் தொழில்முறையாகவும் 1994இல் முழுத் தொழில்முறையாகவும் ஆனது. அதற்கு முன் தேசிய ஆட்டக்காரர்களும் பிழைப்புக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டே ஆடினார்கள் என்பதை அப்போது விளக்கினேன். ஆட்டம் ஒருபுறம், படிப்பும் தொழிலும் மறுபுறம் என இரு கால்களால் நின்றவர்கள் அவர்கள். சம்பள நிலுவையால் ஆட்டக்காரர்கள் அல்லற்படும் செய்திகள் வரும் இந்நாளிலும் அந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை.

அந்தத் தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: "பையனை ஆட விடுங்கள். தேர்வு எப்போது, எப்படி நடக்கிறது என்பதைப் பள்ளி வழியாகவே விசாரிப்போம். கடிதம் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் அவனுக்குக் கால்களும் இருக்கும், கல்வியும் இருக்கும்." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கடிதம் எதுவும் வரவில்லை. பையன் இன்று இடைநிலைப் பள்ளிக் குழுவில் ஆடுகிறான். கணக்குப் பாடத்தில் இன்னமும் தடுமாறுகிறான். ஆனால் ஏட்டை மூடி வைப்பதில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் திறமையைப் பற்றி நல்ல சேதி காதில் விழுந்தால் அதை அவனிடம் சொல்லுமுன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வதந்தி ஒரு மாலைப் பொழுதுபோக்கு. பிள்ளைக்கு அது வாழ்க்கைத் திட்டமாகிவிடும். ஆசிரிய நண்பர்களே, ஆறுமுகத்தையும் சந்திரனையும் நேரில் பார்த்த கண்கள் நம் தோட்டங்களில் இன்னும் சில உண்டு. மாணவர்களை ஏடும் எழுதுகோலுமாக அவர்களிடம் அனுப்புங்கள். அந்தக் கண்கள் மூடிவிட்டால், நாம் எந்தத் திடலில் தேடினாலும் அந்த ஆட்டம் கிடைக்காது.