கொட்டாப்புளியின் ஓசை: தூத்துக்குடித் தோணியும் மாலத்தீவுச் சரக்கும்

2024 ஏப்ரலில் இந்திய அரசு, மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய ஒப்புக்கொண்ட இன்றியமையாப் பொருள்களின் அளவை, 1981-இல் இரு நாடுகளும் வணிக உடன்பாடு செய்துகொண்ட காலம் முதல் இல்லாத அளவுக்கு உயர்த்தியது. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. ஆற்று மணல், சரளைக்கல் ஆகியவற்றின் வரம்பு 25 விழுக்காடு கூட்டப்பட்டு 10 லட்சம் டன் ஆயிற்று. அடுத்த சில நாட்களில், இப்பொருள்கள் முந்த்ரா, நவசேவா, துக்ளகாபாத், தூத்துக்குடி என்னும் நான்கு சுங்க நிலையங்கள் வழியாக மட்டுமே செல்லலாம் என்ற ஆணையும் வந்தது. செய்தித்தாள்களுக்கு இது அயலுறவுச் செய்தி. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் கரையிலிருந்து பார்க்கும்போதோ, மரத்தோடும் பஞ்சோடும் எண்ணெயோடும் உழைக்கும் கைகளைப் பற்றிய செய்தியாகவும் இது தெரிகிறது.

மாலத்தீவு 1,192 பவளத் தீவுகளின் கூட்டம். அவற்றுள் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. அங்கே ஆறு இல்லை, மலை இல்லை, நெல் விளையும் வயலும் இல்லை. ஆகவே உலையில் போடும் அரிசி மட்டுமன்றி, வீட்டுச் சுவருக்கு வேண்டிய மணலும் கல்லும்கூடக் கடல் கடந்தே வந்தாக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து தலைநகர் மாலே 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. அந்நாட்டு மக்களின் திவேகி மொழியிலும் படகுக்குத் ‘தோனி’ என்றே பெயர் வழங்குவது, இந்தக் கடல்வழி எத்தனை தலைமுறை பழையது என்பதற்குத் தக்க சான்றாகும்.

தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட, சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சுமந்து சென்றவை தோணிகளே. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட காலத்திலும் இதுவே நிலை. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கப்பல்கள் நேரே தளத்தில் அணையத் தொடங்கியபின், தோணிகளின் அந்தப் பழைய வேலை போயிற்று. பின்னர், தோணிகள் ஏற்றிச் சென்ற கொழும்புச் சரக்கின் பெரும்பகுதியும் கொள்கலன் கப்பல்களுக்குப் போயிற்று. தோணிக்கு எஞ்சியது மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகிய தீவுகளின் சரக்கு. இந்தத் தொழிலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஜோ டி குரூஸ் ‘கொற்கை’ நாவலில் விரித்து எழுதியுள்ளார்.

தோணியைக் கட்டுபவர் ஓடாவி எனப்படுகிறார். மரக்கலத் தச்சர் என்பது இச்சொல்லின் பொருள். கலத்தின் முதுகெலும்பாக அடியில் நீள்வது ஏராக்கட்டை. அதிலிருந்து விலா எலும்புபோல் இருபுறமும் எழுபவை வங்குகள். அவற்றின்மேல் அறையப்படும் பலகைகளே கலத்தின் உடல். முன்பக்கம் அணியம் என்றும் பின்பக்கம் அமரம் என்றும் பெயர் பெறும். வங்குக்கு இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்தையே தேர்கின்றனர். நேரான மரத்தை வளைவாக அறுத்தால் அதன் நார் அறுந்து வலிமை குன்றிவிடும் என்பதால், மரம் நிற்கும்போதே அது எந்த வங்குக்கு ஆகும் என்று ஓடாவியின் கண் அளந்துவிடுகிறது. தோணியை ஓட்டும் டீசல் எந்திரமும் அதைப் பொருத்தும் முறையும் எல்லா ஊர்ப் பட்டறைகளுக்கும் பொதுவானவை. மரக்கலத் தொழிலுக்கே உரிய நுட்பம் பலகைகளின் இடைவெளியில் இருக்கிறது.

இரு பலகைகள் சேரும் இடத்தில் நீர் புகாதபடி எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியைத் திணித்து அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். இதற்கான கருவிகள் இரண்டே: மழுங்கிய வாயுடைய இரும்பு உளி ஒன்று, கொட்டாப்புளி எனப்படும் மரச் சுத்தி மற்றொன்று. தொழிலாளி கலத்தின் வயிற்றடியில் குந்தி, இடக்கையால் உளியைப் பிடித்தபடியே அதே கையின் விரல்களால் திரியைச் சிறு சிறு மடிப்பாக இடைவெளியில் ஊட்டி, வலக்கையால் கொட்டாப்புளியை ஒரே சீராக இறக்குகிறார். திரி தளர்வாக இருக்கும்வரை அடி மந்தமாக ஒலிக்கிறது. இறுகி நிறைந்ததும் ஓசை கணீரென்று மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கேட்டே கை அடுத்த விரற்கடைக்கு நகர்கிறது. குறைவாக அடித்தால் நீர் கசியும். மிகையாக அடித்தால் பலகை பிளக்கும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைக் காட்ட எந்த அளவுகோலும் இல்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் செவி பெற்ற தேர்ச்சி ஒன்றே வழிகாட்டி. கைபட்டு வழவழப்பேறிய கொட்டாப்புளியின் பிடியில் விரல்கள் பதியும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. அந்தப் பள்ளம் ஒரு மனிதரின் உழைப்புக் காலத்தின் கணக்கு.

கடலில் அலை மோத மோத மரக்கலத்தின் பலகைகள் சற்றே அசையும், திரி தளரும். ஆகவே தென்மேற்குப் பருவக்காற்றில் தோணிகள் ஓடாத மாதங்களில் கலத்தைக் கரையேற்றிக் கலப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். அடித்தட்டில் நீர் கசிந்தால் வெங்காயம் அழுகும், சிமெண்டு கல்லாகும், மாவு கட்டிதட்டும். ஆணையில் எழுதப்பட்ட டன் கணக்கு மாலேயின் அங்காடியில் நல்ல பண்டமாகப் போய்ச் சேர்வதற்கு, பெயர் தெரியாத ஒருவரின் செவி கேட்ட ஓசையும் காரணம் என்பதை இங்கே மறவாது கூற வேண்டும்.

ஆனால் பயன் பங்கிடப்படும் முறையில் அந்தச் செவிக்குக் கடைசி இடமே கிடைக்கிறது. தோணி உரிமையாளர் பெறுவது டன்னுக்கு இவ்வளவு எனப் பேசப்படும் தோணிக்கூலி. அந்தக் கூலியிலிருந்துதான் டீசலும், தண்டல் எனப்படும் மாலுமித் தலைவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் ஊதியமும், பராமரிப்பும் போயாக வேண்டும். திரும்பி வரும்போது பழைய இரும்பு போன்ற ஏதேனும் கிடைத்தாலன்றிக் கலம் வெறுமையாகவே வருகிறது. சரக்கு எப்போது, எந்தக் கலத்தில், என்ன கூலிக்கு ஏறும் என்று முடிவு செய்பவர் கடலையே காணாத முகவர். கலங்கள் சரக்குக்காகக் காத்துக் கிடக்கும்போது கூலியைக் குறைக்கிறார். தீவில் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொள்கிறார். புயலும் இழப்பும் தோணிக்காரருக்கு, ஆதாயம் எழுதுகோல் பிடித்தவருக்கு என்பது எந்த அறத்திலும் சேராது. கூலி குறைந்தால் உரிமையாளர் முதலில் தள்ளிப்போடுவது கலப்பத்தைத்தான். வேலை குறைந்த ஓடாவியின் மகன் வேறு தொழிலுக்குப் போகிறான். இடைத்தரகரின் பேராசை இவ்வாறு ஒரு தலைமுறையின் அறிவையே அழிக்கிறது.

2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷிக்கும் மாலேக்கும் நேரடிச் சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. முதலில் சென்ற கப்பல் 200 கொள்கலன்களையும் 3,000 டன் உதிரிச் சரக்கையும் சுமக்கும் திறனுடையது. சில நூறு டன் ஏற்றும் தோணியோடு இதனை ஒப்பிட்டு, மரக்கலத்தின் காலம் முடிந்தது என்று தீர்ப்பளிப்பது எளிது. பெருங்கப்பல் வேண்டாம் என்று எந்தத் தீவு மக்களும் கூறமாட்டார்கள்; கூறவும் வேண்டியதில்லை. ஆயினும் சிறு வணிகர் அனுப்பும் சிறு அளவுச் சரக்குக்குச் சிறு கலமே ஏற்றது.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கரையோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம், இந்தியத் துறைமுகங்களுக்கு இடையிலான கடல் வாணிகத்துக்குத் தேசிய அளவில் திட்டம் வகுக்கச் சொல்கிறது. தோணிகளின் இலட்சத்தீவுப் பயணம் இதன் எல்லைக்குள் அடங்கும். அத்திட்டத்தில் துறைமுக ஆழமும் சரக்கு அளவும் இடம்பெறுவது உறுதி. அவற்றோடு, குறைந்தபட்சத் தோணிக்கூலி, பழைய மரக்கலத்துக்கும் கிடைக்கும் காப்பீடு, பருவக்காற்று மாதங்களில் கலப்பத்துக்குக் கடன், ஓடாவியிடம் தொழில் கற்கும் இளைஞருக்கு உதவித்தொகை ஆகியவையும் எழுதப்பட வேண்டும். தீவுக்கு அனுப்பும் வெங்காயத்தை டன் கணக்கில் எண்ணத் தெரிந்த அரசுக்கு, இக்கரையில் கொட்டாப்புளி பிடிக்கும் கைகள் இன்னும் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது கடினமான வேலை அன்று.